அடிபட்ட பிள்ளைக்குக் கூரை மட்டும் போதுமா?



குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, சூடு வைக்கும் உறவினர், பட்டினி போடும் வீடு. இவற்றிலிருந்து ஒரு பிள்ளை மீட்கப்பட்டது என்று நாளிதழில் படித்ததும் நமக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பிள்ளையின் போராட்டம் அதன் பிறகும் முடிவதில்லை!

2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைச் சமூகநல இலாகா மீட்கலாம். நீதிமன்றம் அப்பிள்ளையை ஓர் இல்லத்திலோ வளர்ப்புப் பெற்றோரிடமோ ஒப்படைக்கலாம். ஆனால் இல்லம் என்ற பெயர்ப்பலகையே பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களிலிருந்து 402 சிறார்களைப் போலீஸ் மீட்க வேண்டியிருந்ததை மறக்க முடியுமா? நல்ல இடமே கிடைத்தாலும், உடம்புக்குத்தான் பாதுகாப்பு. மனத்துக்கு?

பதின்ம வயதில் இப்படி வந்து சேரும் பிள்ளைகளில் சிலர் வாயே திறப்பதில்லை. சிலர் சோற்றை ஒளித்து வைக்கிறார்கள். சிலர் கதவுச் சத்தத்துக்கே நடுங்குகிறார்கள். சிலர் அன்பு காட்டுபவரையே ஏசுகிறார்கள். 'எப்படியும் என்னை விரட்டத்தான் போகிறீர்கள், இப்போதே விரட்டுங்கள்' என்பதுதான் அந்த ஏச்சின் பொருள். இவை கெட்ட குணங்கள் அல்ல. அடி விழுந்த வீட்டில் பிழைத்திருக்க அந்தப் பிள்ளை தானே கற்றுக்கொண்ட தற்காப்பு. ஆபத்து நீங்கினாலும் அது விலகக் காலம் பிடிக்கும்.

நாமோ 'அடங்காத பிள்ளை' என்று முத்திரை குத்துகிறோம். பள்ளி கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புகிறது. வளர்ப்புக் குடும்பம் 'எங்களால் முடியவில்லை' என்று திருப்பி ஒப்படைக்கிறது. இடம் மாற மாறக் காயம் ஆழமாகிறது. கடைசியில் குண்டர் கும்பல்தான் 'வா தம்பி' என்று அழைக்கிறது. பிறகு மேடை போட்டு, நம் இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்று புலம்புகிறோம்!

இந்தப் பிள்ளைகள் தேறுவார்களா? தேறுவார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையிலும் சீர்குலைந்த குடும்பங்களிலும் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக எழுந்து நின்றார்கள். அவர்களிடம் கண்ட முக்கியமான பொது அம்சம், கைவிடாத பெரியவர் ஒருவராவது உடன் இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ!

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. வேதனை குற்றமல்ல என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. நாம் எப்போது ஏற்கப் போகிறோம்?

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. வீட்டில் தமிழில் அழுத பிள்ளை, தன் வேதனையையும் தமிழிலேயே சொல்லத் தமிழ் பேசும் ஆலோசகர்கள் வேண்டும். வளர்ப்புப் பெற்றோருக்குப் பயிற்சியும் தொடர்ந்த துணையும் வேண்டும். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது. 18 வயது நிறைந்த மறுநாளே பிள்ளையை நடுத்தெருவில் விடக் கூடாது.

நம்மிடமும் ஒரு கேள்வி. தீபாவளிக்கு இல்லங்களுக்கு அரிசி மூட்டை அனுப்புகிறோம், பிறந்தநாள் விருந்து கொடுக்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். வளர்ப்புக் குடும்பமாக முன்வர நம்மில் எத்தனை பேர் தயார்? அதற்கு வசதி இல்லையென்றால், மாதம் ஒருமுறையாவது தவறாமல் போய் ஒரே பிள்ளையிடம் பேசலாமே! போகத் தொடங்கினால் நிறுத்தாதீர்கள். பாதியில் விடுவது அந்தப் பிள்ளைக்கு இன்னோர் அடி.

உங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளை வதைபடுவது தெரிந்தால் 15999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 'அடுத்த வீட்டு விவகாரம்' என்று ஒதுங்காதீர்கள். அது நம் பிள்ளை.