பாவம் பார்க்க அல்ல, வீட்டுக்கு அழைக்க ஒரு படம்

இத்தாலியில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல முடியாது. 1991 ஆகஸ்டில் வந்த 281ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. தீராத கடும் நோய் கண்டவை, ஆபத்தானவை என்று நிரூபிக்கப்பட்டவை மட்டுமே விதிவிலக்கு. பிடிபட்ட நாயைத் தேடி 60 நாட்களுக்குள் யாரும் வராவிட்டால், விருப்பமுள்ளவர் தத்தெடுக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் யாருமே கேட்டு வராத நாய், சாகும்வரை கூண்டிலேயே கிடக்கக்கூடும். உயிரைச் சட்டம் காப்பாற்றிவிட்டது, வீட்டை மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

பலெர்மோவில் இது இன்னும் சிக்கல். தெற்கு இத்தாலியில் தெருநாய்கள் அதிகம். அதனால் சிசிலி நாய்கள் பல, வடக்கே மிலானோ, தொரினோ பக்கம் வீடு தேடி வண்டி ஏறுகின்றன. வேலை தேடி நம்மவர் பலர் போன அதே பாதை! மிலானோவில் இருக்கும் குடும்பம் பலெர்மோ வரை வந்து கூண்டு கூண்டாகப் பார்க்கப் போவதில்லை. தொலைபேசியில் ஒரு படத்தைத்தான் பார்க்கிறது. அந்த நாய்க்கு அதுதான் வாசல்.

அந்தப் படத்தை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. கம்பிக்குப் பின்னால் கலங்கிய கண், ஈரத் தரை, கீழே ஒரு அழுகைக் குறி. இதைப் பார்க்கிறவர் "ஐயோ பாவம்" என்று ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பாவப்பட்ட நாயை யாரும் வீட்டுக்குள் கற்பனை செய்து பார்ப்பதில்லை. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் படம் எடுக்கும் சோஃபி கமாண்ட், 2014இல் காப்பகத்து பிட்புல் நாய்களின் தலையில் பூக்கிரீடம் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். நாய் அதே நாய்தான். பார்க்கிறவரின் பயம்தான் மாறியது.

நமக்குப் பூக்கிரீடமும் வேண்டாம், விலையுயர்ந்த கேமராவும் வேண்டாம். வார இறுதிகளில் ஒரு காப்பகத்தில் படம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தொலைபேசியே போதும். நாயைக் கூண்டுக்கு வெளியே கொண்டு வர வேண்டும். தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். கறுப்பு நாய் என்றால் நிழலில் கண்ணே தெரியாது. பக்கத்தில் இருந்து வெளிச்சம் விழும்படி நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் நாயின் உயரமும் புரியும்.

படத்தின் கீழே எழுதுவதில் பொய் கூடாது. வயது எட்டு என்றால் எட்டுதான். பூனையைக் கண்டால் துரத்தும் என்றால் அதையும் எழுத வேண்டும். மறைத்து அனுப்பினால் ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டு வந்து விடுவார்கள். அது அந்த நாய்க்கு இரண்டாவது கைவிடல்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பிள்ளைகள் நாய் கேட்டால், "வாங்கிறதெண்டால் நல்ல சாதி நாயா வாங்குவம்" என்கிறோம். ஹஸ்கிக்கும் பொமரேனியனுக்கும் நூற்றுக்கணக்கான யூரோ எண்ணிக் கொடுக்கத் தயார். காப்பகத்தில் காத்திருப்பதோ நம் ஊர் முற்றத்தில் படுத்திருந்த அதே செம்மண் நிற நாய். பைரவரின் வாகனம் என்றும், ஆரோக்கியநாதரின் காலடியில் நிற்பது என்றும் கும்பிடுகிறோமே, அதற்கெல்லாம் சாதிச் சான்றிதழ் யார் கேட்டார்கள்? கடல் கடந்து வந்தும் நாய்க்குக்கூட சாதி பார்ப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

"வீட்டில இடம் எங்க இருக்கு? ஆறு கிழமை ஊருக்குப் போனால் ஆர் பார்க்கிறது?" என்பது நியாயமான கேள்வி. முடியாதவர்கள் தத்தெடுக்கக் கூடாது, எடுத்துவிட்டுக் கைவிடுவது இத்தாலியில் தண்டனைக்குரிய குற்றமும்கூட. ஆனால் படம் எடுக்க வீட்டில் இடம் தேவையில்லை. இங்கேயே படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தொலைபேசியும் கைவந்த கலை, இத்தாலிய மொழியும் தாய்மொழி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு ஒரு காப்பகத்துக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள். ஒரு படம், நாலு உண்மையான வரி. மிலானோவில் ஒரு வீட்டுக் கதவு அதனால் திறக்கலாம்.