ஜனவரியா, சனவரியா?

சிவகாசியில் அச்சாகும் தமிழ் நாட்காட்டியின் முதல் தாளைப் பாருங்கள். 'ஜனவரி' என்றிருக்கும். பன்னிரு மாதங்களில் ஜனவரி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய நான்கில் கிரந்த எழுத்து உண்டு. "அவை தமிழெழுத்து அல்ல, சனவரி, சூன், சூலை என்றே எழுத வேண்டும்" என்பாரும் உளர். அவர்களுடைய தமிழ்ப்பற்றை வணங்குகிறேன். ஆயினும் என் கருத்து வேறு.

ஒரு மொழிக்கு ஒரே வகை எழுத்துத்தான் இருக்க வேண்டுமா? ஜப்பானியர் மூன்று வகை எழுத்துகளை ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுகிறார்கள். 'மேரி தண்ணீர் குடிக்கிறாள்' என்று எழுதினால், 'தண்ணீர்' என்ற சொல்லும் 'குடி' என்ற பகுதியும் சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்தில் இருக்கும். (நாம் குடிக்கும் கஞ்சி அன்று!) விகுதியும் உருபும் 'ஹிரகானா'வில் வரும். மேரி என்ற அயல்நாட்டுப் பெயர் மட்டும் 'கத்தக்கானா'வில் நிற்கும். ஹிரகானாவுக்கு ஒரு காலத்தில் 'பெண்கை' என்றே பெயர். ஆண்கள் சீன எழுத்தைப் பெரிதாக எண்ணியிருந்த நாளில் பெண்கள் இதில் எழுதினார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி இயற்றிய 'கெஞ்ஜி கதை' இன்றும் உலகம் போற்றும் நூல். இப்போது அந்நாட்டுக் குழந்தைகள் முதலில் கற்பதே அந்தப் பெண்கை எழுத்தைத்தான்!

தூய சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். ஜப்பானியர் அவர் பெயரைக் கத்தக்கானாவில் 'ஸபியெரு' என்று எழுதுகிறார்கள். பார்த்தவுடனே அயலார் என்று தெரிந்துவிடும். நம் முன்னோரோ 'சவேரியார்' என்றார்கள். அது நம் பாட்டனார் பெயராகிவிட்டது. யோசேப்பு சூசையானார், பேதுரு இராயப்பரானார். போர்த்துக்கேயர் தந்த மேசையும் சாவியும் அலமாரியும் அப்படியே தமிழாகிவிட்டன. இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஜன்னலைச் 'சன்னல்' என்று எழுதுவதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஆனால் உயிரோடிருக்கும் ஒருத்தியின் பெயர் அப்படியன்று. ஜெசிந்தாவைச் 'செசிந்தா' என்று மாற்ற அவள் சம்மதம் வேண்டாமா? பதிவேட்டில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று இருந்தால், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அலைபவர் யார்? அவளும், பட்டாசு ஆலையில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உடன் வரும் தாயும்தானே!

கிரந்தம் கப்பலேறி வந்த எழுத்தும் அன்று. பல்லவர் காலந்தொட்டே வடமொழியை எழுதத் தமிழகத்தில் வழங்கியது. சோழர் செப்பேடுகளில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழெழுத்திலும் இருப்பதைக் காணலாம். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை நமது கத்தக்கானாவாக, பெயர்களுக்கென்று வைத்துக்கொண்டால் தமிழுக்கு என்ன குறை? 'மகிழ்ச்சி' இருக்கும்போது 'சந்தோஷம்' எதற்கு என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் 'திருவில்லிபுத்தூர்' என்று எழுதுவது இனிமையாகவே இருக்கிறது. ராஜபாளையத்தை 'இராசபாளையம்' ஆக்கலாமா என்பதை அவ்வூர்த் தங்கைகளே அடுத்த மலரில் எழுதட்டும்.