26 டாலர் பள்ளிக்கூடம்

என் ஒன்றுவிட்ட தம்பி அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். அவனுக்குப் பட்டப்பகல் பன்னிரண்டு.

"அண்ணா, வீடு வாங்கப் போறேன். ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். எதுன்னு சொல்லு."

"தண்ணிக் கஷ்டம் உண்டா? கிழக்குப் பார்த்த வாசலா?" என்று எனக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்டேன்.

"ரெண்டுலயும் மூணு பெட்ரூம். கொல்லைப்புறம்கூட ஒரே சைஸ். ரெண்டுக்கும் நடுவுல கார்ல இருபது நிமிஷம். ஆனா ஒண்ணோட விலை இன்னொண்ணைவிட மூணு மடங்கு."

"ஏன், குழாயெல்லாம் வெள்ளியா?"

"ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ணா" என்றான். தஞ்சாவூர்க்காரர் 'ஆத்துப் பாசனம் ஸார்' என்று நிலத்துக்கு விலை சொல்வாரே, அந்தத் தொனியில்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீட்டுக்கு விலையா, வீட்டைப் பார்த்துப் பள்ளிக்கூடமா? விசாரித்தேன். இரண்டும்தான். கோழி, முட்டை சமாசாரம். ஆனால் இந்தக் கோழி சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது.

முதலில், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் கலெக்டர் இருக்கிற ஜில்லா அல்ல. பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே ஒரு குட்டி சர்க்கார். தனி எல்லை, தனி வரி, தனி தேர்தல். அமெரிக்கா முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. டெக்ஸாஸில் பெயரிலேயே 'இண்டிபெண்டன்ட்' என்று போட்டுக்கொள்வார்கள். நகரத்து மேயர் வந்து, "என் மச்சான் பையனுக்கு ஒரு சீட்" என்று கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆள்வது ஒரு போர்டு. வழக்கமாக ஏழு பேர். ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. வரி விகிதம், பட்ஜெட், எந்தப் பள்ளியைத் திறப்பது, எதை மூடுவது எல்லாம் இவர்கள் கையில். சூப்பரின்டென்டென்ட் என்று ஒருவரைப் பெரிய சம்பளத்துக்கு நியமிக்கிறார்கள். ஆக, சம்பளமே வாங்காத ஏழு பேர், கொழுத்த சம்பளம் வாங்கும் ஒருவரை வேலை வாங்குகிறார்கள். நம் ஆபீஸ்களில் இது நேர் தலைகீழ்.

கட்டடம் கட்டக் கடன் வாங்க வேண்டுமானால் ஊரார் ஓட்டு வேண்டும். டல்லாஸுக்குப் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் அப்படி ஓட்டு வாங்கி, ஸ்கூல் பையன்கள் ஆட 6 கோடி டாலரில் ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டினார்கள். 18,000 பேர் உட்காரலாம். 2012-ல் திறந்தது. 2014-ல் கான்க்ரீட்டில் விரிசல் கண்டு, கொஞ்ச காலம் இழுத்து மூடினார்கள். நம்மூர் கான்ட்ராக்டர்கள் இனி தலைநிமிர்ந்து நடக்கலாம்.

பணம் மூன்று பாக்கெட்டிலிருந்து வருகிறது. தேசம் முழுக்கச் சராசரி பார்த்தால் வாஷிங்டன் சர்க்கார் தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியை மாநிலம் தருகிறது, பாதியை உள்ளூர். உள்ளூர்ப் பணம் என்றால் பெரும்பாலும் வீட்டு வரி. விவகாரமே இங்கேதான்.

சான் அன்டோனியோவில் மேற்கே எட்ஜ்வுட் என்று ஒரு டிஸ்ட்ரிக்ட். வடக்கே மேட்டுப்பாங்கான இடத்தில் அலமோ ஹைட்ஸ் என்று இன்னொன்று. தம்பி பார்த்த வீடுகள் இந்த இரண்டில்தான். எட்ஜ்வுட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மெக்ஸிகோ வம்சத்துத் தொழிலாளிகள். ஒரு காலத்தில் வடபுறப் பேட்டைகளின் வீட்டுப் பத்திரங்களிலேயே 'இவர்களுக்கு விற்கக் கூடாது' என்று நிபந்தனை எழுதிவைத்திருந்தார்கள். அதனால் இவர்கள் எங்கே வீடு வாங்கினார்கள் என்பது முழுக்க அவர்கள் இஷ்டமல்ல.

1967-68 கணக்கைப் பாருங்கள். கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு வரி 1 டாலர் 5 சென்ட். அந்த வட்டாரத்திலேயே அதிகமான விகிதம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். அதாவது 10,000 டாலர் மதிப்புள்ள வீடு என்றால் ஏழைப் பேட்டைக்காரர் 105 டாலர் கட்டினார், பணக்காரப் பேட்டைக்காரர் 85 டாலர்.

அப்படியானால் எட்ஜ்வுட் பள்ளிக்கு அதிகப் பணம் கிடைத்திருக்க வேண்டும், இல்லையா? கிடைத்தது ஒரு மாணவனுக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர்.

கணக்கில் தப்பில்லை. எட்ஜ்வுட்டில் தொழிற்சாலை கிடையாது, பெரிய கடைகண்ணி கிடையாது. இருந்ததெல்லாம் சின்னச் சின்ன வீடு, வீடு நிறையப் பிள்ளைகள். ஒரு மாணவனுக்கு இவ்வளவு சொத்து என்று வகுத்துப் பார்த்தால் இங்கே 5,960 டாலர், அங்கே 49,000-க்கு மேல். காலிப் பானையில் எவ்வளவு பெரிய கரண்டி விட்டால் என்ன? மாநிலமும் வாஷிங்டனும் போட்டதையெல்லாம் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பையனுக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் பையனுக்கு 594 டாலர்.

விளைவு? எட்ஜ்வுட்டில் 47 சதவீத ஆசிரியர்கள், முழுத் தகுதி இல்லாமல் அவசரப் பர்மிட்டில் பாடம் நடத்தினார்கள். அங்கே 11 சதவீதம்தான். ஓர் ஆரம்பப் பள்ளியில் மேல்மாடி புழங்க லாயக்கில்லை என்று மூடிக்கிடந்தது. அதில் வௌவால்கள் குடித்தனம் நடத்தின. அவற்றுக்கு வீட்டு வரி கிடையாது.

1968 மே மாதம் எட்ஜ்வுட் ஹைஸ்கூல் மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். பெற்றோர்கள் கூட்டம் போட்டார்கள். முதலில் எல்லாருக்கும் போர்டு மேல்தான் கோபம். பணத்தை எவனோ தின்கிறான் என்ற சந்தேகம், நமக்கும் வருகிற நியாயமான சந்தேகம். ஆர்தர் காக்மன் என்ற வக்கீல், கோளாறு ஆளிடம் இல்லை, வரி போடும் முறையில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவர் முதல் கையெழுத்துப் போட்டார். விமானப்படைத் தளத்தில் தகரவேலை செய்யும் தொழிலாளி. பிள்ளைகள் எட்ஜ்வுட் பள்ளியில். மற்ற பெற்றோர்களும் சேர்ந்துகொள்ள, கேஸ் அவர் பெயரிலேயே நடந்தது.

1971-ல் மூன்று ஜட்ஜுகள் கொண்ட ஃபெடரல் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1973 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார்கள். ஐந்துக்கு நாலு. ஒரே ஓட்டு! கல்வி முக்கியம்தான், ஆனால் அரசியல் சட்டத்தில் அது அடிப்படை உரிமை என்று சொல்லப்படவில்லை. தவிர, உள்ளூர் பள்ளியை உள்ளூர்க்காரர்களே நடத்துவது நல்லது என்றது தீர்ப்பு. எழுதியவர் ஜஸ்டிஸ் லூயிஸ் பவல். ஜட்ஜாவதற்கு முன் ரிச்மண்ட் நகரப் பள்ளி போர்டுக்குத் தலைவராக இருந்தவர்! எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954-ல் கறுப்பர் - வெள்ளையர் தனிப் பள்ளிகளை எதிர்த்த வழக்கில் வாதாடி ஜெயித்த அதே மார்ஷல்.

"ஏழைகள் மறுபடியும் தோற்றுவிட்டார்கள்" என்றார் ரோட்ரிகஸ்.

நாமாக இருந்தால் அதோடு வீட்டுக்குப் போய் வேறு வேலையைப் பார்த்திருப்போம். 1984-ல் எட்ஜ்வுட் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. இந்தத் தடவை டெக்ஸாஸ் மாநில கோர்ட். மாநிலத்தின் அரசியல் சட்டத்தில், 'திறமையான' இலவசப் பள்ளி முறையை நடத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். பணக்கார டிஸ்ட்ரிக்டில் ஒரு மாணவனுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் சொத்து, ஏழை டிஸ்ட்ரிக்டில் 20,000 டாலர். 700-க்கு 1. இதுவா திறமை? 1989-ல் ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமுகமாக 'செல்லாது' என்றார்கள்.

சட்டசபை திருத்தியது. கோர்ட் தள்ளியது. மறுபடி திருத்தியது. மறுபடி தள்ளியது. 1993-ல் வந்த சட்டத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ராபின் ஹூட்'. பணக்கார டிஸ்ட்ரிக்டின் உபரி வரியை மாநிலம் எடுத்துக்கொள்ளும். 'எடுத்துக்கொள்ளும்' என்றால் கேட்க நன்றாயில்லையே! அதனால் காகிதத்தில் அதற்குப் பெயர், மாநிலத்திடமிருந்து 'வருகைப்பதிவு கிரெடிட்' வாங்குவது. பிள்ளைகள் வருவதில்லை, வருகையை மட்டும் விலைக்கு வாங்குகிறார்கள். லேட் அட்டெண்டன்ஸ் பேர்வழிகள் குறித்துக்கொள்ளவும். இந்தச் சட்டம் 1995-ல் கோர்ட்டில் நின்றது.

கேஸ் போட்டது 1968. நின்றது 1995. இருபத்தேழு வருஷம். ரோட்ரிகஸின் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்து வெளியே வந்துவிட்டார்கள். அவர் 2013-ல் காலமானார்.

'அப்புறம் எட்ஜ்வுட் முதல் ரேங்க் வாங்கியது' என்று முடிக்க எனக்கும் ஆசை. ஆனால் நிஜம் அப்படி இல்லை. பணத்தில் அந்தப் பழைய பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. மார்க்கில் தூரவில்லை. மாநிலப் பரீட்சையில் அலமோ ஹைட்ஸ் இன்னும் முன்னால், எட்ஜ்வுட் பின்னால். வீட்டில் வறுமை இருந்தால், பள்ளியில் சமமாகப் பணம் போட்டாலும் சமமான பலன் வராது. அந்தப் பையனுக்குக் கூடுதலாகவே வேண்டும்.

இன்னொன்று, ஆள் குறைகிறது. கேஸ் நடந்தபோது எட்ஜ்வுட்டில் 22,000 மாணவர்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. சிலர் வேறு பேட்டைக்குப் போனார்கள். 1998 முதல் பத்து வருஷம் ஒரு தனியார் அறக்கட்டளை ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சிலரைத் தனியார் பள்ளிக்கு அழைத்தது. டெக்ஸாஸில் மாநிலப் பணம், தினம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சராசரியை வைத்துத்தான். ஒரு பையனுக்கு ஜுரம் என்றால் பள்ளிக்கும் நஷ்டம். நாற்பது பேர் வந்த பஸ்ஸில் முப்பது பேர் வந்தாலும் டிரைவர் சம்பளம் அதேதான்.

போர்டு? 2016-ல் எட்ஜ்வுட் போர்டில் உள்சண்டை முற்றி, மாநிலக் கல்விக் கமிஷனர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே ஆட்களை நியமித்தார். தேர்தல் போர்டு திரும்ப வருஷங்கள் ஆயின. அதே 2016-ல் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட், பள்ளி நிதி முறையில் குறைகள் நிறைய இருந்தாலும் சட்டத்துக்குத் தேவையான அளவுக்கு இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. முப்பத்தைந்து மார்க். பாஸ்.

தம்பி எந்த வீட்டை வாங்கினான் என்று சொல்லவில்லையே? மூன்று மடங்கு விலை வீட்டைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் குழந்தை, ஆறு வயசு. அவள் அப்பா செய்தது சரி. ஐம்பது அறுபது வருஷமாக வசதியுள்ள ஒவ்வொரு அப்பாவும் இதே சரியைத்தான் செய்தார்கள். அதனால்தான் இருபது நிமிஷ தூரத்தில் வீடு மலிவாகக் கிடைக்கிறது.

போன வாரம் மறுபடி போன்.

"அண்ணா, வரி பில் வந்திருக்கு. தலை சுத்தறது. அதுல ஒரு பங்கை நம்ம ஸ்கூலுக்குத் தராம, ஸ்டேட் எடுத்துக்கிட்டுப் போயிடறதாம். யாரோ முன்னபின்ன தெரியாத பசங்களுக்கு நான் எதுக்குண்ணா ஃபீஸ் கட்டணும்?"

"முன்னபின்ன தெரியாதவங்க இல்லைடா. நீ வாங்காம விட்டியே ஒரு வீடு, அந்த மாதிரி வீட்டுப் பசங்க."

லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"கட்டித்தான் ஆகணும், இல்லேண்ணா?" என்றான்.