சரக்கு வண்டியைப் பழுது பார்ப்பது யார்?

கீரனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நெல்லும் நிலக்கடலையும் மாட்டு வண்டியில் சந்தைக்குப் போன காலம் ஒன்றிருந்தது. அச்சு முறிந்தால் தச்சரும் கொல்லரும் ஊரிலேயே இருந்தனர். மசகு இடும் வேலையை வண்டிக்கு உடையவரே செய்துகொண்டார். அவ்விடத்தை இன்று சிறு சரக்கு மோட்டார்கள் பிடித்துக்கொண்டன. 2005 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரே சூட்டிவிட்டனர். விளைந்த காய்கறி திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் செல்வதும், நெசவாளருக்கு நூல் வந்து சேர்வதும் இத்தகைய வண்டிகளால்தான்.

தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங் பிளேட்டையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாகாதா என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பட்டறையில் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய ஓட்டம் போகிறது, கூலியும் சேர்கிறது. நூல் அறுந்தால் முடிவதற்கும், விழுது தேய்ந்தால் மாற்றுவதற்கும் நெசவாளர் பிறரை நாடுவதில்லை. தம் தறியைத் தாமே அறிந்திருக்கிறார். வண்டி உடையவரும் தம் வண்டியை அவ்வாறு அறிந்திருத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தறி எவர் தலைமீதும் விழுவதில்லை, வண்டி விழும். இவ்வேற்றுமையை மறந்து முடிவு செய்தல் தகாது.

வண்டியின் சுமையைத் தாங்குவது ஸ்பிரிங் பிளேட்டுகளின் அடுக்கு. அது அமுங்கி எழும்போது உண்டாகும் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அசைவின் வேகம் தணிகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்குவாரின்றி வண்டி துள்ளிக்கொண்டேயிருக்கும். தக்காளி நசுங்குவது முதல் நஷ்டம். டயர் திட்டுத் திட்டாகத் தேய்வது இரண்டாவது. திடீரென்று பிரேக் போடுங்கால் சக்கரம் தரையைச் சரிவரப் பற்றாமை மூன்றாவதும் கொடியதுமாகும். குழாயின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்றல், மேடு தாண்டுகையில் ‘கடக் கடக்’ என்னும் ஓசை, இவற்றை வாரம் ஒருமுறை கவனிப்பது உடையவர் கடமை.

இனி, எதை வீட்டில் செய்யலாம்? நாம் சொல்லும் விதி எளியது. சக்கரம் நான்கும் தரையில் நிற்கச் செய்யத்தக்கது வீட்டு வேலை. வண்டியைத் தூக்கிச் செய்ய வேண்டியது பட்டறை வேலை.

பட்டை ஸ்பிரிங் உள்ள பல வண்டிகளில் பின்புற ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தைத் தூக்காமலே கழற்றி மாட்ட இயலும். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாயிருப்பின் வண்டி ஒருபுறம் இழுக்கும். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவலாகாது; ரப்பர் ஊதிக் கெடும். சோப்பு நீர் போதும். போல்ட்டை இறுதியாக முடுக்குவது வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் நிற்கும்போதே ஆகவேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

ஸ்பிரிங் பிளேட், அதன் கண்ணிலுள்ள புஷ், ஷாக்கிள், யு போல்ட் ஆகியவற்றை வீட்டில் தொடவே வேண்டா. நமக்குத் தெரிந்த ஓர் அங்கத்தினர் களத்து மேட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியைத் தூக்கினார். ஸ்பேனர் எடுக்க அவர் வெளியே வந்த அந்த நொடியில் ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. வண்டி தரையில் அமர்ந்தது. அவர் பிழைத்தது தற்செயல். தற்செயலை நம்பித் தொழில் நடத்தலாகாது.

முறிந்த பிளேட்டை வெல்டிங் செய்வதும் தவறே. சூட்டினால் எஃகின் பதம் கெட்டு மறுபடியும் முறியும். கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக ஒரு பிளேட்டை மிகுதியாகச் சேர்ப்போரும் உண்டு. பிளேட் கூடினாலும் பிரேக்கும் அச்சும் பழைய அளவினதே அல்லவா? 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் கூறுகிறது. உயிரின் விலையோ அதனினும் பெரிது.

‘பட்டறைச் செலவுக்குப் பணமில்லாமையால்தானே வீட்டில் முயல்கிறோம்’ என்பர் சிலர். மெய்யே. இங்குதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. 1904 ஆம் ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, தனியொருவருக்குக் கிட்டாத கடன் பலர் கூடியதால் கிட்டியது. பணத்துக்குப் பொருந்திய அவ்வழி கருவிக்கும் பொருந்தும். சிமெண்டுத் தளமிட்ட ஒரு கொட்டகை, உறுதியான இரும்புத் தாங்கிகள், புஷ் அழுத்தும் பிரஸ், முடுக்கும் வலுவை அளந்து காட்டும் ஸ்பேனர், வேலை பயின்ற ஒருவர், இவ்வளவும் ஓர் அங்கத்தினரால் ஆகாது. ஐம்பது பேர் சேர்ந்தால் ஆகும். டிராக்டரை வாடகைக்கு விடும் சங்கங்கள் இதையும் செய்யலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொணருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரையில், ஜாக்கி ஒன்றையே துணையாகக் கொண்டு எவரும் வண்டியின் அடியில் படுக்க வேண்டா.