திருக்கோவலூரில் கிடைக்காத வேலை

திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவலூர். முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் இடைகழியில் நெருங்கி நின்ற தலம். 1896-இல் அண்ணாமலையை நாடி வந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, ஆற்றின் மறுகரையிலுள்ள அறையணிநல்லூர்க் கோயிலில் தியானத்தில் அமர்ந்ததை அன்பர்கள் அறிவர். 1910-இல் இதே ஊருக்கு வேலை தேடி வந்த மற்றோர் இளைஞரை நினைப்பவர் குறைவு. அவர் கும்பகோணம் சீனிவாச இராமானுஜன்.

எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், மணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்த வி. இராமசுவாமி ஐயர் அப்போது திருக்கோவலூரில் துணைக் கலெக்டர். அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டுத் தம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார் இராமானுஜன். புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் அமர்த்த மனம் வரவில்லை. வேலை தரவில்லை; சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதித் தந்தார். மனுவை மறுக்கும் அதிகாரிகள் என்றும் உண்டு. மறுத்த கையாலேயே பரிந்துரை எழுதுவோர் அரியர்.

சென்னை அவருக்குப் புதிதன்று. 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர வந்தபோது, வழி தெரியாத களைப்பில் எழும்பூர் நிலையத்துப் பயணியர் அறையில் உறங்கிவிட்டார். முன்பின் அறியாத ஒருவர் எழுப்பி, வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்து, வழி சொல்லி அனுப்பினாராம். அந்தக் கடற்கரைப் பட்டினம் அன்று அவருக்குத் தந்த வரவேற்பு அதுவே. பெயர் தெரியாத அந்தப் புண்ணியவான் யாருக்குச் சோறிட்டோம் என்று அறிந்திருக்க மாட்டார்.

இம்முறை கடிதங்கள் கைமாறி, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. மழிக்காத முகம், எளிய உடை, கக்கத்தில் நைந்த நோட்டு. கண்களில் மட்டும் ஒளி. தொடக்கத்தில் ராவுக்கு எதுவும் விளங்கவில்லை. எளிய முடிவுகளிலிருந்து படிப்படியாக அவரை மேலே அழைத்துச் சென்றார் இராமானுஜன். என்ன வேண்டும் என்று கேட்டபோது, கணிதத்தைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாட்டுக்கு ஏதேனும் இருந்தால் போதும் என்றார். மாதம் 25 ரூபாய் வந்தது.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவுகளில் அவர் வீட்டில் இருவரும் சிலேட்டும் பலப்பமுமாக அமர்வார்கள். காகிதம் விலை அதிகம். சிலேட்டு என்றால் முழங்கையாலேயே அழித்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியின் முடிவுகளை நாமகிரித் தாயார் கனவில் உணர்த்துவதாக இராமானுஜன் நம்பினார். 1914 மார்ச் 17 அன்று, தாம் கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.