'புட் ஓஃப்' எண்டு எழுதினால் புள்ளி குறையுமா?

ஓ.எல் எழுதின எங்கட பெடியள், பெட்டையள் ஆரையாவது மறித்து 'போஸ்ட்போன்' என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கோ. 'ஒத்திவைத்தல்' என்று டக்கெண்டு பதில் வரும். 'புட் ஓஃப்' என்றால் என்ன என்று கேளுங்கோ. 'புட்' எண்டால் வை, 'ஓஃப்' எண்டால்... அதோட நிண்டுடும். 'டொலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. 'கான்சல்' தெரியும், 'கோல் ஓஃப்' தெரியாது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளை சின்ன வயதிலேயே வாயில் போட்டுக்கொள்ளும் சொற்கள் எங்களுக்குக் கடைசியாக வருகின்றன. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும் சொற்கள் எங்களுக்கு முதலில் வருகின்றன. நாங்கள் ஆங்கிலத்தைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ தெருவில் இறங்கினால் ஆங்கிலம் காதில் விழுவதில்லை. புத்தகத்தில்தான் இருக்கிறது. புத்தகத்திலும், ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பொருத்தக்கூடியதுதான் மனப்பாடத்துக்கு வசதி. இரண்டு மூன்று துண்டாக வரும் ஃபிரேசல் வேர்ப்களை ஒரு தாளில் பட்டியலாகத் தந்து பாடமாக்கச் சொல்லுவினம். அடுத்த பாடத்திலேயே "கடிதத்திலும் கட்டுரையிலும் இதுகளைப் பாவிக்கக்கூடாது" என்றும் சொல்லுவினம். பாடமாக்கு, ஆனால் பாவிக்காதே. பிறகு எங்கே பழகுகிறது?

இந்தத் தடை பாதி உண்மை என்பதுதான் எங்கட கருத்து. மற்றப் பாதி சொல்லப்படாததால் நட்டப்படுவது, வீட்டில் ஆங்கிலம் இல்லாத எங்களைப் போன்ற ஆட்கள்தான்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்பம். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் ஏறி உட்கார்ந்தன. சனம் வீட்டில் தங்கட பழைய வினைகளோடேயே இருந்தது. அதனால்தான் ஒரே வேலைக்கு இரண்டு சொல். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று அடுப்படிக்கு. எங்களுக்கு இது புதுசில்லை. நயினாதீவு அம்மன் கோயிலில் 'அன்னதானம்' என்று எழுதுகிறோம், உள்ளே போய் இருந்து சாப்பிடுவது சோறு. பொருள் ஒன்றுதான், இடம்தான் வேறு.

சொல்லப்படாத பாதி இது: எல்லா ஃபிரேசல் வேர்ப்பும் அடுப்படிச் சொல் இல்லை. ஐக்கிய நாடுகள் சாசனத்தை விடக் கனமான ஆவணம் உண்டா? 1945இல் எழுதப்பட்ட அந்தச் சாசனத்தின் 25ஆம் உறுப்புரை, பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களை உறுப்பு நாடுகள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. 'நிறைவேற்று' என்பதற்கு அங்கே இருக்கும் வினை 'கரி அவுட்'. ஆய்வுக் கட்டுரைகளில் 'கரி அவுட்', 'பொயின்ட் அவுட்', 'செட் அப்' எல்லாம் கூச்சமில்லாமல் வருகின்றன. 'மெஸ் அப்', 'ஹேங் அவுட்' வராது. 'புட் ஓஃப்' நடுவில் நிற்கிறது. கூட வேலை செய்பவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அது நல்லாவே பொருந்தும். நீதிமன்ற அறிவித்தலில் 'போஸ்ட்போன்'தான் சரி. ஆக, பார்க்க வேண்டியது ஒவ்வொரு வினையையும் அதை வாசிக்கப்போகிற ஆளையும். ஒட்டுமொத்தமாக எல்லாவற்றுக்கும் தடை போட்டால் இந்தப் பிரித்தறிவு வளரவே வளராது.

இது எங்களால் ஏலாத வேலையா? இல்லவே இல்லை. தமிழில் நாங்கள் இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம்.

'எழுது' என்ற ஒரு வினையை எடுங்கோ. எழுதிவிடு, எழுதிவை, எழுதிப்பார், எழுதிக்கொடு, எழுதித்தள்ளு. 'எழுதித்தள்ளு' என்றால் ஆரும் எதையும் தள்ளுவதில்லை. 'எழுதிப்பார்' என்றால் கண்ணால் பார்ப்பதும் இல்லை. பக்கத்தில் வந்து ஒட்டின வினை தன் பழைய பொருளை விட்டுவிட்டு முதல் வினையின் போக்கை மாற்றுகிறது. துணைவினை என்று இலக்கணத்தில் படித்தோமே, அதுதான். தமிழ் வினைக்குப் பக்கத்தில் இன்னொரு வினையை வைக்கிறது. ஆங்கிலம் 'அப்', 'அவுட்', 'டவுன்' என்று ஒரு சின்னச் சொல்லை வைக்கிறது. 'ரைட் டவுன்' என்றால் எழுதிவை. 'ட்ரை அவுட்' என்றால் செய்துபார். 'ஈட்' சாப்பிடு, 'ஈட் அப்' சாப்பிட்டு முடித்துவிடு. மேலே போவதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைக் குழப்பத் தேவையில்லை. அந்த 'அப்' எங்கட 'விடு' செய்கிற வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வெளிக்கிடு. 'வெளி'யும் 'இடு'வும் உள்ளே தெரிகிறது. பயணம் தொடங்குவதும் வெளிக்கிடுவதுதான், உடுத்துத் தயாராவதும் வெளிக்கிடுவதுதான். "வெளிக்கிட்டாச்சோ?" என்று அம்மா கேட்டால் எதைக் கேட்கிறா என்று எங்களுக்குத் தெரியும். ஒரு வினை, இரண்டு பொருள், இடத்தைப் பார்த்துப் பிடிக்கிறோம். இதை விடக் கஷ்டமானதா 'செட் ஓஃப்'?

உத்தியோகபூர்வத் தமிழையும் பாருங்கோ. 'கேட்டுக்கொள்கின்றோம்', 'அறியத்தருகின்றோம்', 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' எல்லாம் இப்படிக் கூட்டிக் கட்டினவைதான். அரச கடிதத்தில் துணைவினை கூடாது என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பிரதேச செயலாளருக்குக் 'கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிறோம், 'கேட்டுப்போட்டன்' என்று எழுதுவதில்லை. காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்திலும் வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

பாதிப் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. 'லைற்றை ஓஃப் பண்ணு' என்கிறோம். 'ஸ்விட்ச் ஓஃப்' என்பதில் வினையை எறிந்துவிட்டு 'ஓஃப்'பை மட்டும் எடுத்தோம். பொருள் எங்கே இருக்கிறது என்று எங்கட ஆட்களுக்கு விளங்கியிருக்கிறது. ஏ.எல் முடிவு வந்தால் 'கட் ஓஃப்' எவ்வளவு என்று கேட்காத வீடு இல்லை. 'பிரேக் அப்' பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. இலங்கையில் 'பாஸ் அவுட்' என்றால் பட்டம் பெற்று வெளியேறுவது. அதையே வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் சுயவிபரத்தில் எழுதினால், வாசிப்பவர் அந்த வருடம் நீங்கள் மயங்கி விழுந்ததாக நினைக்கக்கூடும். இங்கே அது பிழையான ஆங்கிலம் இல்லை. அங்கே வேறு பொருள். அங்கே அனுப்புவதில் 'கிராஜுவேட்' என்று எழுதினால் சரி.

எழுதுவதை விட வாசிப்பதிலும் கேட்பதிலும்தான் நாங்கள் கூட இழக்கிறோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் ஒருவருக்கு இப்படி ஒரு குறுந்தகவல் வருகிறது என்று வையுங்கோ: 'த போட் செட்ஸ் ஓஃப் அட் நைன், பட் தே மே கோல் இட் ஓஃப் இஃப் த விண்ட் பிக்ஸ் அப்.' படகு ஒன்பதுக்கு வெளிக்கிடும், காற்றுக் கூடினால் நிப்பாட்டுவினம். 'டிபார்ட்', 'கான்சல்', 'இன்கிரீஸ்' தெரிந்த பிள்ளைக்கு இந்த மூன்றும் தெரியாவிட்டால் தகவல் கையில் இருந்தும் இல்லை. நெடுந்தீவுக்கு வரும் பயணிகளை ஏற்றி இறக்கி உழைக்க நினைப்பவருக்கு 'பிக் அப்', 'ட்ரொப் ஓஃப்' இரண்டும் சோறு. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தொலைபேசியின் மற்றப் பக்கத்தில் கதைப்பது விளங்காவிட்டால் அது ஆரை ஆரோடு இணைக்கும்?

விளங்கவில்லை என்று வெட்கப்படவும் தேவையில்லை. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல் ஒட்டும் இந்த வழக்கம்தான் பிற மொழிக்காரருக்கு மிகப் பெரிய சிக்கல் என்று எழுதியிருக்கிறார். ஜெர்மனியிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கட மச்சான்மாரைக் கேளுங்கோ. ஜெர்மன் மொழியில் அந்தச் சின்னச் சொல் பிரிந்து வசனத்தின் கடைசிக்கே ஓடிப்போகும். அதையும் பழகித்தான் அங்கே வேலைக்குப் போகினம்.

ஆகவே ஆங்கில ரீச்சர்மாரிடம் நாங்கள் கேட்பது இதுதான். பட்டியலைக் குறையுங்கோ. 'எழுதிவை', 'செய்துபார்' என்பதில் தொடங்கி 'ரைட் டவுன்', 'ட்ரை அவுட்' என்று கூட்டிக்கொண்டு போங்கோ. 'பாவிக்காதே' என்பதோடு நிற்காமல், ஆருக்கு எழுதும்போது எது பொருந்தும் என்று சொல்லுங்கோ. படிக்கிற ஆட்கள் ஒரே விசயத்தை இரண்டு தரம் எழுதிப்பாருங்கோ, சிநேகிதருக்கு ஒருக்கா, அதிபருக்கு ஒருக்கா. அதிபருக்கு எழுதினதில் ஒரு 'புட் ஓஃப்' தங்கிவிட்டால் அது இலக்கணப் பிழை இல்லை. கொஞ்சம் வீட்டு உடுப்போடு அலுவலகத்துக்குப் போன மாதிரி, அவ்வளவுதான். அடுத்த முறை மாத்திக்கொள்ளலாம்.