திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்தது யார்?

மக்காச்சோளம் விற்ற பணம் அய்யா அது. குரும்பலூர்க் காட்டில் படைப்புழுவுக்கு மருந்தடித்து, ராத்திரியெல்லாம் பன்றி விரட்டி என் அப்பா சேர்த்த பணம்.

"கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது, இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று வங்கி முத்திரையோடு ஒரு மின்னஞ்சல். பதறிப்போய் லிங்க்கைத் தொட்டார். வங்கியின் பக்கம் மாதிரியே ஒன்று திறந்தது. கேட்டதையெல்லாம் போட்டார், ஓடிபி உட்பட. கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

கிளைக்கு ஓடினால், "அதை எதுக்குத் தொட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பறிகொடுத்த மனுஷன் குற்றவாளி மாதிரி தலைகுனிந்து நின்றார். வயிறு எரிகிறது.

அந்த அஞ்சலை நானும் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் வங்கியின் பெயர். அதன்மேல் விரல் வைத்த பிறகுதான் அனுப்பியவரின் நிஜ முகவரி தெரிந்தது. வங்கிக்குச் சம்பந்தமே இல்லை. 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்றிருந்ததே தவிர அப்பா பெயர் எங்கும் இல்லை. இதையெல்லாம் கவனிக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வங்கிகளின் இணைய முகவரி '.பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. பாஸ்புக் பதிய வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணில் படும்படி அதை ஒரு வரி எழுதி ஒட்டக்கூடாதா?

போன பணம் காற்றிலா கரைந்தது? இன்னொரு வங்கிக் கணக்கில்தான் போய் விழுந்தது. அதைத் திறக்கும்போது ஆதாரையும் பான் அட்டையையும் சரிபார்த்தது யார்? பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல், ஜாமீன் என்று எங்களை நடையாய் நடக்கவிடுகிறீர்களே, திருடனுக்கு மட்டும் எப்படிக் கதவு திறந்தது?

கேட்டு ஜெயித்தவர் உண்டு. அபுதாபியில் வேலை பார்த்த ஒரு தமிழர் 2007-ல் இப்படியொரு மின்னஞ்சலை நம்பி 6.46 லட்சம் ரூபாய் இழந்தார். தவறு அவருடையது என்றுதான் ஐசிஐசிஐ வங்கி வாதாடியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் விசாரித்த தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், 12.85 லட்சம் கொடுக்கும்படி வங்கிக்கு 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார்.

பணம் போனவர்களே, கூனிக்குறுகாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் அடியுங்கள். வங்கியில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். புகாருக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே உத்தரவிட்டது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யார், எதைப் பார்த்துத் திறந்தார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள்.